காவோ லாக்: ஒரு நாள் பயணங்கள்

காவோ லாக், தாய்லாந்தின் தென்மேற்கே அந்தமான் கடலோரத்தில் உள்ள கடற்கரைச் சுற்றுலா ஊர். பங்ஙா மாகாணத்தைச் சேர்ந்தது. புக்கெட் விமான நிலையத்திலிருந்து வடக்கே காரில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம். நாங் தோங், பாங் நியாங், குக் காக், பாக் வீப் முதலிய கடற்கரைகள் அடுத்தடுத்து அமைந்த நீண்ட கரைப்பகுதி முழுவதும் இப்பெயராலேயே அறியப்படுகிறது. காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பக்கூடிய இடங்கள் இதைச் சுற்றி நான்கு திசைகளிலும் உள்ளன. மேற்கே பவளப்பாறைத் தீவுகள், கிழக்கே மழைக்காடும் ஏரியும், வடக்கே பழைய துறைமுக நகரம், தெற்கே சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த வளைகுடா. இவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருப்பதால், ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்வதே இங்கு நடைமுறைக்கு உகந்த திட்டம்.

அமைவிடமும் பின்னணியும்

பாங்காக்கிலிருந்து மலேசிய எல்லை வரை செல்லும் 4ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (பெட்காசெம் சாலை) ஊரின் நடுவே ஓடுகிறது. கடைகள், உணவகங்கள், பயண முகவர் நிலையங்கள் பெரும்பாலும் இச்சாலையின் இருபுறமும் உள்ளன. விடுதிகள் சாலைக்கும் கடலுக்கும் இடையில் அமைந்துள்ளன. கிழக்கே காவோ லாக்-லாம் ரூ தேசியப் பூங்காவின் காட்டு மலைகள் ஊரை ஒட்டியே எழுகின்றன.

இப்பகுதியின் பழைய தொழில் வெள்ளீயச் சுரங்கம். சீனாவிலிருந்து, குறிப்பாக ஹொக்கியன் பேசும் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் வணிகர்களும் இத்தொழிலை வளர்த்தனர். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஓய்ந்தன. அதன் பின்னரே சுற்றுலா தலையெடுத்தது. சுரங்கம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான குளங்களை இன்றும் சாலையோரம் காணலாம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தாய்லாந்தில் மிகுதியாக உயிரிழப்பு நேர்ந்தது இக்கரையில்தான். நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் அதே நாளில் தாக்கிய அதே அலை இது. பல விடுதிகள் அடியோடு அழிந்தன. இன்றுள்ள ஊரின் பெரும்பகுதி அதன் பின்னர் கட்டப்பட்டது.

பருவம்

பயணத் திட்டத்தை முதலில் முடிவு செய்வது மாதம்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். கடல் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேரே இக்கரையில் மோதுவதால் அலை உயரும், மழை கொட்டும். தீவுப் பயணங்கள் அப்போது நின்றுவிடும். சிமிலான், சுரின் தீவுப் பூங்காக்கள் ஆண்டுதோறும் மே நடுவில் மூடப்பட்டு அக்டோபர் நடுவில் திறக்கப்படுகின்றன. பவளப்பாறைகளுக்கு ஓய்வு தருவதும் பயணிகளின் பாதுகாப்பும் இதற்குக் காரணங்கள்.

மழைக்காலத்தில் வருவோர்க்குக் காடு, அருவி, பழைய நகரம் ஆகியவை கைகொடுக்கும். அருவிகளில் நீர் பெருகியிருப்பதும் அப்போதுதான். ஆனால் காட்டாற்றுக் குகைகளில் திடீர் வெள்ளம் புகும் ஆபத்தும் அதே பருவத்துக்கு உரியது. பாக்காராங் முனையை ஒட்டிய கடற்கரையில் இப்பருவத்தில் அலைச்சறுக்கு நடைபெறும்.

அரை நாள் இடங்கள்

வந்து இறங்கிய நாளுக்கும் களைப்பாக உள்ள நாளுக்கும் அருகிலேயே சில இடங்கள் உண்டு. பாங் நியாங்கில், பேரலை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நிலத்துக்குள் இழுத்துவந்து போட்ட 813ஆம் எண் காவல் படகு நினைவுச் சின்னமாக அங்கேயே நிறுத்தப்பட்டுள்ளது. அன்று கடலில் இருந்த மன்னர் பூமிபோலின் பேரன் பூம் ஜென்சனுக்குக் காவலாக நின்ற படகு இது. அவரும் அந்த அலையில் உயிரிழந்தார்.

பாங் நியாங்கிலிருந்து கிழக்கே சிறிது தூரம் சென்றால் தோன் சோங் ஃபா அருவி. அடுக்கடுக்காக ஐந்து நிலைகள் கொண்டது. மேல் நிலைகளுக்கு ஏற வழுக்காத காலணி வேண்டும். ஊரின் தென்கோடிக் குன்றில் உள்ள தேசியப் பூங்கா அலுவலகத்திலிருந்து காட்டு வழியே நடந்து ஒரு சிறு மணற்கரைக்கு இறங்கலாம். அந்தக் குன்றைத் தாண்டினால் தாப் லாமு துறைமுகம். அங்குள்ள கடற்படைத் தளத்தில் கடலாமைப் பாதுகாப்பு மையம் இயங்குகிறது. குழந்தைகளுடன் வருவோர்க்கு ஏற்ற இடம்.

வடக்கு: தக்குவாபா

காவோ லாக்கிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. வடக்கே உள்ளது தக்குவாபா. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. பேருந்து நிலையமும் சந்தையும் உள்ள புதிய நகரம் ஒன்று. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரம் உள்ள பழைய நகரம் மற்றொன்று. வெள்ளீயத்தால் செல்வம் சேர்ந்த காலத்தில் கட்டப்பட்ட சீன-ஐரோப்பியக் கலப்புப் பாணி வீட்டுக்கடைகள் பழைய நகரின் சீ தக்குவாபா சாலையில் வரிசையாக நிற்கின்றன. வறண்ட பருவத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் தொடங்கி அங்கே தெருச்சந்தை கூடுகிறது. ஆகவே வடக்குப் பயணத்துக்கு ஞாயிறு பொருத்தமான நாள். சற்றுத் தொலைவில், சுரங்கத் தோண்டுகலத்தின் இரும்பைக் கொண்டு ஆற்றின் குறுக்கே கட்டிய பழைய பாலமும் உள்ளது.

தமிழர்க்குத் தக்குவாபா ஒரு வரலாற்று இடம். தென்கிழக்கு ஆசியாவின் பழைய தமிழ்க் கல்வெட்டுகளுள் முதன்மையான ஒன்று இந்த ஆற்றுப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, நங்கூரைச் சேர்ந்த ஒருவர் வெட்டிய குளத்தைப் பற்றியும், அது மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் விடப்பட்டது பற்றியும் கூறுகிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். இது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ஹுல்ட்ஷும் பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியும் இதை ஆராய்ந்து எழுதினர். அதே இடத்தில் மரத்தின் வேர்கள் சுற்றிப் பிணைத்த நிலையில் திருமால் சிற்பத் தொகுதியும் கிடைத்தது. அதைப் புக்கெட் தீவின் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம். விமான நிலையத்துக்குச் செல்லும் நாளில் நேரம் இருந்தால் அங்கே இறங்கிப் பார்க்கலாம். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இப்பகுதியே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

இவ்வணிகத்தின் மற்றொரு தடயம் கோ கோ காவோ தீவில் உள்ள துங் துக். சீனாவின் தாங் அரசர் காலப் பீங்கான் ஓடுகள், மேற்கு ஆசியக் கண்ணாடிச் சில்லுகள், மணிகள் இங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. செங்கல் அடித்தளங்கள் சிலவும் எஞ்சியுள்ளன. பான் நாம் கெம் படகுத்துறையிலிருந்து வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு சில நிமிடங்களில் தீவை அடைகிறது. பேரலையில் பெரும் அழிவைக் கண்ட மீனவர் ஊர் பான் நாம் கெம். அலையின் வடிவில் வளைந்து நிற்கும் காங்கிரீட் சுவரும், இறந்தவர்களின் பெயர்ப் பலகைகளும் கொண்ட நினைவுப் பூங்கா அங்கே கடலோரத்தில் உள்ளது.

தக்குவாபாவுக்கு அருகே ஓடும் சாங் நே ஓடையில் சிறு படகுப் பயணம் உண்டு. ஆல மரங்கள் இருகரையிலிருந்தும் விழுதிறக்கி நீரின்மேல் கவிந்திருக்கும். கிளைகளில் சுருண்டு கிடக்கும் பாம்புகளைப் படகோட்டிகள் சுட்டிக்காட்டுவார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். முதியோரும் எளிதில் செல்லலாம்.

கிழக்கு: காவோ சோக்

காவோ சோக் தேசியப் பூங்கா 1980இல் அமைக்கப்பட்டது. சூராத் தானி மாகாணத்தைச் சேர்ந்தது. தக்குவாபாவில் பிரியும் 401ஆம் எண் சாலை அங்கே செல்கிறது. காவோ லாக்கிலிருந்து பூங்கா அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் சற்றுக் கூடுதலாக ஆகும். உலகின் மிகப்பெரிய பூக்களைப் பூக்கும் ரஃப்லேசியா இனத்தைச் சேர்ந்த ஒரு செடி இங்கு வளர்கிறது. குளிர்மாதங்களில் பூ விரியும் நாட்களில் மட்டும் வழிகாட்டிகள் அதனிடம் அழைத்துச் செல்வர். ஆற்றில் மூங்கில் தெப்பப் பயணம், காட்டு நடை ஆகியவை ஒரு நாளுக்குள் அடங்கும்.

பூங்காவுக்குள் இருக்கும் சியோ லான் ஏரி தனியாக ஒரு நாளைக் கோருவது. 1987இல் திறக்கப்பட்ட ராச்சபிரபா அணை ஆற்றைத் தடுத்ததால் உண்டான நீர்த்தேக்கம் இது. நீரில் மூழ்கிய பள்ளத்தாக்குகளின் குன்றுகள் இன்று செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளாக நீரின்மேல் நிற்கின்றன. நீள்வால் படகில் சென்று, மிதவை வீடுகளில் பகலுணவு உண்டு, நீந்தித் திரும்புவது வழக்கம். படகுத்துறை பூங்கா அலுவலகத்திலிருந்து மேலும் ஒரு மணி நேரம் கிழக்கே இருப்பதால், அலுவலகப் பகுதியையும் ஏரியையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது பெரும்பாலும் வண்டியிலேயே நாளைக் கழிப்பதாக முடியும். இரண்டில் ஒன்றைத் தேர்வது நல்லது.

தெற்கு: பங்ஙா வளைகுடா

பங்ஙா வளைகுடா தேசியப் பூங்கா 1981இல் அறிவிக்கப்பட்டது. அலையாத்திக் காடுகளுக்கும் கடலுக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட அடிகள் உயர்ந்த சுண்ணாம்புத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. 1974இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றால் புகழ்பெற்ற காவோ பிங் கான் தீவும் அதன் முன்னால் ஆணிபோல் நிற்கும் கோ தா பூ பாறையும் இங்குள்ளன. அப்பாறையின் அடி அரிப்புக்கு உள்ளாவதால் படகுகள் அதை நெருங்க அனுமதி இல்லை. கரையிலிருந்தே பார்க்க வேண்டும்.

கோ பன்யி, பாறை ஒன்றின் அடிவாரத்தில் கடலுக்குள் கால்கள் நட்டுக் கட்டப்பட்ட முஸ்லிம் மீனவர் ஊர். பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மிதக்கும் கால்பந்துத் திடல் எல்லாம் உண்டு. ஹலால் உணவும் கிடைக்கும். வளைகுடாவின் வடபகுதி ஆழமற்றது. குகைகளுக்குள் படகு நுழைவது ஓதத்தைப் பொறுத்தது. பகலில் புக்கெட்டிலிருந்து கூட்டம் வருமுன் காலையிலேயே படகேறினால் இடங்களை நிதானமாகப் பார்க்கலாம். திரும்பும் வழியில் சுவான் குகா குகைக் கோயிலில் பள்ளிகொண்ட புத்தரைக் காணலாம். வாசலில் குரங்குகள் மிகுதி. உணவுப் பொட்டலங்களைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

மேற்கு: சிமிலான், சுரின் தீவுகள்

சிமிலான் தீவுகள் 1982இல் தேசியப் பூங்கா ஆயின. தாப் லாமுவிலிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பயணிகள் இறங்குவது பெரும்பாலும் 4ஆம், 8ஆம் எண் தீவுகளில்; 8ஆம் தீவின் பாய்மரப் பாறை மேலேறிப் பார்க்கும் காட்சியிடம். பவளப்பாறைகள் சீரழிந்ததைத் தொடர்ந்து 2018 முதல் ஒரு நாள் பயணிகள் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. தீவில் இரவு தங்குவதும் தடை செய்யப்பட்டது. ஆகவே டிசம்பர், ஜனவரி மாதங்களில் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும்.

சுரின் தீவுகள் வடக்கே, குராபுரி கரைக்கு எதிரே உள்ளன. கூட்டம் குறைவு. மோக்கன் என்னும் கடலோடி மக்களின் ஊர் இங்குள்ளது. 2004இல் கடல் உள்வாங்கியதைக் கண்டதும், முன்னோர் சொல்லிவந்த கதைகளின் துணையால் ஆபத்தை உணர்ந்து அவர்கள் மேட்டுக்கு ஏறிப் பிழைத்தனர். காவோ லாக்கிலிருந்து கூடுதல் சாலைப் பயணம் தேவை என்பதால் அதிகாலையில் கிளம்ப வேண்டும்.

விரைவுப் படகின் முன்பகுதியில் அலை மோதும் அதிர்ச்சி கடுமையாக இருக்கும். முதுகுவலி உள்ளோர் பின்பகுதியில் அமர்வதே நல்லது. கர்ப்பிணிகள் இப்பயணத்தைத் தவிர்க்க வேண்டும்.

போக்குவரத்து

விடுதியிலிருந்தே அழைத்துச்சென்று திரும்பக் கொண்டுவிடும் குழுப்பயணம் மிக எளிது; தீவுகளுக்கு வேறு வழியும் குறைவு. வடக்கு, தெற்குத் திசைகளுக்கு ஓட்டுநருடன் கூடிய காரையோ வேனையோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால், நால்வர் பகிர்ந்துகொள்ளும்போது குழுப்பயணத்தின் செலவே ஆகும். நேரமும் நம் கையில் இருக்கும். சிக்கனமாகச் செல்ல நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்துகளைக் கைகாட்டி நிறுத்தலாம். தக்குவாபா நிலையத்தில் சூராத் தானி வண்டிக்கு மாறினால் காவோ சோக் செல்லலாம். ஊருக்குள் பின்புறம் இருபக்கமும் பலகை இருக்கை கொண்ட சோங்தேவ் வண்டிகள் ஓடுகின்றன. ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ள வேண்டும்.

தாய்லாந்திலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே செல்கின்றன. இருசக்கர வண்டி ஓட்டப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தலைக்கவசமும் தேவை. அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்தில் சிக்கினால் பயணக் காப்பீடு கிடைக்காமல் போகலாம்.

விதிகளும் உணவும்

தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். அது குழுப்பயணக் கட்டணத்தில் அடங்கியுள்ளதா என்பதைக் கேட்டறிய வேண்டும். பவளத்துக்குக் கேடு செய்யும் ஆக்ஸிபென்சோன் முதலிய வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புக் களிம்புகளுக்கு 2021 முதல் பூங்காக்களில் தடை உள்ளது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை விதிக்கப்படலாம். கோயில்களில் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

காய்கறி உணவிலும் மீன் சாறு சேர்ப்பது அங்கு வழக்கம். சைவ உணவு உண்போர் "ஜே" என்று கேட்டால் இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லாத உணவு கிடைக்கும். மஞ்சள் கொடி தொங்கும் கடைகள் அவ்வகையைச் சேர்ந்தவை.

அவசரத் தேவைக்குக் காவல்துறை 191, மருத்துவ ஊர்தி 1669, சுற்றுலாக் காவலர் 1155.

நாட்களை வகுத்தல்

நான்கு நாள் தங்குவோர் முதல் நாளை அரை நாள் இடங்களுக்கும், மற்ற மூன்றைத் தீவு, காடு, தக்குவாபா அல்லது வளைகுடா என்றும் வைத்துக்கொள்ளலாம். முழு நாள் பயணங்களுக்கு இடையே ஒரு நாள் ஓய்வு விட்டால் குழந்தைகளும் முதியோரும் சோர மாட்டார்கள். தீவுப் பயணத்தைத் தங்கலின் தொடக்கத்திலேயே வைப்பது நல்லது. காற்றால் படகு நின்றாலும் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கும். அழுத்தக் காற்று உருளையுடன் ஒரே நாளில் பல முறை ஆழ்கடலில் மூழ்குபவர்கள், கடைசி மூழ்கலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும்.