மருத்துவமனை வாசலில் ஒரு துணை

ரஞ்சன்குடிக் கோட்டையின் வரலாற்றை எழுதுவோர் 1751ஆம் ஆண்டுப் போரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களின் குழந்தைகளைத் தொடுகின்ற வேறொரு வரலாறும் உண்டு, அது அண்மைக்காலத்தது. தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைக் குழந்தையொன்று வாய்திறந்து சொன்னால், அதனைப் பெரம்பலூருக்கு மருத்துவச் சோதனைக்காக அழைத்துச் செல்ல நேரிடும். அங்கே அக்குழந்தை எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பது பற்றியதே அவ்வரலாறு.

நெடுங்காலமாக இச்சோதனை குழந்தையின் உடலை வழக்கிற்குரிய ஒரு சான்றாகவே கண்டது. 'இருவிரல் சோதனை' என்ற முறையோ, குற்றவாளியின் செயலை விடுத்துப் பாதிக்கப்பட்டவளின் ஒழுக்கத்தையே ஆராய்ந்தது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் புதுவழி வகுத்தது. அதன் 27ஆம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவாகாதிருப்பினும் சோதனை நடத்தலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே சோதிக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும்.

2013இல் உச்சநீதிமன்றம் இருவிரல் சோதனை பெண்ணின் மாண்பை மீறுவது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அது ஒழியவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சிறார் தொடர்பான வழக்குகளிலும் அது தொடர்வதைக் கண்டு, அதனைத் தடைசெய்யுமாறு மாநில அரசுக்குக் கட்டளையிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று உச்சநீதிமன்றமும் மீண்டும் கண்டித்தது.

இதனால் நாம் அறிவது யாது? சட்டம் எழுதப்படுவதால் மட்டும் குழந்தை காக்கப்படுவதில்லை. சட்டத்தை அறிந்த ஒருவர் அருகில் நிற்கவும் வேண்டும். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எளிய சொற்களில் கூறுதல், 'நிறுத்துங்கள்' என்று சொல்ல உரிமையுண்டு எனத் தெரிவித்தல், தன்னையே குற்றப்படுத்திக் கலங்கும் தாயோடு அமர்ந்திருத்தல் ஆகியவை துணைநிற்போரின் பணி. பெரும்பாலான குழந்தைகளின் உடலில் காயம் எதுவும் காணப்படுவதில்லை என்பதையும் குடும்பத்தார்க்கு விளக்க வேண்டும். 'காயமில்லை' என்ற சான்று 'கொடுமை நிகழவில்லை' என்ற தீர்ப்பன்று.

தாவீதின் மகள் தாமாரிடம் அவள் உடன்பிறந்தானே மௌனமாயிருக்கச் சொன்னான். அவளோ தனித்து வாடினாள். சபையின் நற்பெயரைக் கருதி நாமும் அவ்வாறே சொன்னதில்லையா? கொடுமையை அறிந்தவர் எவராயினும் தெரிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆயர்க்கு அதில் விலக்கில்லை. எனினும் தெரிவிப்பதோடு நம் கடமை முடிவதில்லை. குழந்தை விரும்பினால் உடன் செல்வோம்; விரும்பாவிடில், அது நம்புகிறவரை அழைத்துவந்து, நாம் வாசலில் காத்திருப்போம்.