பிஷப்பின் வயலின்காரர் எங்கே?

ரோம் நகரில் கொரெல்லி, 1700 ஜனவரி 1 என்று தேதியிட்டுத் தன் பன்னிரண்டு வயலின் சொனாட்டாக்களை அச்சில் கொண்டுவந்த கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் பீபர் வந்து வழிமறித்துவிட்டார்.

1670, கோடைக்காலம். மொராவியாவில் கிரோமியெர்ஷீஷ் அரண்மனை. ஓலொமோட்ஸ் பிஷப் கார்ல் லீக்டென்ஸ்டைன் ஒரு சங்கீதப் பித்தர். தன் வாத்தியக் குழுவுக்குப் புதுக் கருவிகள் வாங்க ஆசைப்பட்டார். டைரோல் மலைநாட்டு அப்சாமில் இருந்த யாக்கோப் ஸ்டைனரின் வயலின்களுக்கு அப்போது அப்படி ஒரு மவுசு. அடுத்த நூற்றாண்டில்கூடப் பலர் ஸ்ட்ராடிவாரியைவிட ஸ்டைனரையே உசத்தியாக நினைத்தார்கள். அவரிடம் பேசி முடிக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டாமா? இருபதுகளில் இருந்த ஹைன்ரிக் பீபரை அனுப்பினார் பிஷப்.

போனவர் திரும்பவில்லை. உத்தரவு கேட்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. சால்ஸ்பர்க் பேராயர் மாக்ஸ் காண்டோல்ஃபிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்!

அரண்மனை இசைக்காரன் அன்று கைகட்டி நிற்கும் சேவகன்தான். 1717-இல் வைமார் பிரபு, பாக்கைச் சுமார் ஒரு மாதம் சிறையில் வைத்தார். பாக் ஓடிக்கூடப் போகவில்லை. வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார், அவ்வளவே. பீபரின் பிஷப்போ கோபத்தை விழுங்கிக்கொண்டார். பேராயர் அவருக்கு நண்பர். முறையான விடுவிப்புப் பத்திரம் கிடைக்க 1676 ஆயிற்று. இடையில் பீபர் தன் படைப்புகளைப் பழைய எஜமானருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் கிரோமியெர்ஷீஷில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மேதை பீபர்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையின் நாயகன் யார் என்றால், என் ஓட்டு பிஷப்புக்கு.

புது எஜமானருக்குப் பீபர் காணிக்கையாக்கியவை ஜெபமாலை சொனாட்டாக்கள். வயலினுக்கும் கண்டினுவோவுக்குமாகப் பதினைந்து. கடைசியில் வயலின் மட்டும் தனியே வாசிக்கும் பஸகாலியா ஒன்று. கண்டினுவோ என்னவென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம். முதல் சொனாட்டாவையும் பஸகாலியாவையும் தவிர மற்ற பதினான்குக்கும் வயலினின் சுருதியையே மாற்றச் சொல்கிறார் பீபர். பதினொன்றாவது, இயேசு உயிர்த்தெழும் சொனாட்டா. அதில் நடுத் தந்திகள் இரண்டும் இடம் மாறுகின்றன. குதிரைக்குப் பின்னாலும் பிருடைப் பக்கத்திலும் அவை ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து சிலுவை போடுகின்றன! இடமாற்றத்தை ஒதுக்கிவிட்டு நான்கு சுரங்களையும் கீழிருந்து மேலாக அடுக்கிப் பாருங்கள்: நம் கர்நாடக வயலினின் ஸ-ப-ஸ-ப. தற்செயல்தான். இதை வைத்து வாட்ஸ்அப்பில் யாரும் கதை கட்டிவிட வேண்டாம்.

கொரெல்லியின் சொனாட்டாக்கள் அச்சேறி ஐரோப்பா முழுக்கப் பரவின. பீபரின் ஜெபமாலையோ 1905 வரை அச்சையே பார்க்கவில்லை. கொரெல்லி அடுத்த வாரம் கட்டாயம் வருவார். அதற்குள் அந்தப் பதினொன்றாம் சொனாட்டாவை ஒருமுறை கேட்டு வையுங்கள்.