பக்கற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கு

"இந்தக் காலத்துத் தாய்மாருக்குச் சமைக்கப் பஞ்சி. அதுதான் பிள்ளைக்கு பிஸ்கற்றும் நூடில்ஸும்." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பேச்சு புழங்காத வீடு குறைவு. நாங்கள் கொஞ்சம் பின்னால போய்ப் பார்ப்பம்.

இந்த நாட்டில் பிள்ளையின் சாப்பாடு தாயின் கையில் மட்டும் இருந்ததில்லை. 1953 இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த வருஷமே பதவி விலகினார். பிள்ளையின் பசி அன்று அரசியலாக இருந்தது.

இருபது வருஷம் கழித்து, 1973 இல், திரிபோஷ வந்தது. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள், கனியுப்புகள் சேர்ந்த மா. எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக்கில் இலவசம். ஏற்கெனவே வெந்த மா என்பதால் அடுப்பு மூட்டவும் தேவையில்லை. சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைச்சால் உருண்டை. யோசிச்சுப் பாருங்கோ, இதுவும் உடனடி உணவுதானே? அதைப் பிடிச்சுக் குடுத்த அம்மம்மாவை ஒருத்தரும் பஞ்சி எண்டு சொல்லேல்லை.

அப்ப பிரச்சினை பக்கற்றில் இல்லை, அதுக்குள்ள என்ன இருக்கு என்பதில்தான். 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களில் சீனியின் அளவை நிறத்தில் காட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவருக்கும் இது விளங்கும்.

ஆனால் 2022 இல், பொருளாதார நெருக்கடிக்குள், சோளத்தில் பூஞ்சண நஞ்சு கூடியதால் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷ தடைப்பட்டது. கிளினிக்கில் பக்கற் இல்லாத மாதத்திலும் கடையில் பிஸ்கற் இருந்தது.

பயறு அவி, குரக்கன் குடு, கீரை குடு என்று சொல்வது சரியான புத்திமதிதான். வேலை முடிஞ்சு பொழுதுபட காலி வீதி பஸ்ஸில நிண்டு வாற தாயிட்ட அதைச் சொல்ல முதல், இந்த மாதம் கிளினிக்குக்குத் திரிபோஷ வந்ததோ எண்டும் கேப்பம்.