கனமா, திண்மமா? எல்லையோரத்து ரசாயனப் பாடம்

பொருள்கள் மூன்று நிலைகளில் இருக்கின்றன என்பதுதான் ரசாயனத்தில் முதல் பாடம். தமிழ்நாட்டில் அதைத் திண்மம், திரவம், வாயு என்று படிக்கிறார்கள். என் சொந்த ஊரான வரதய்யபாளையத்தில் தெலுங்குவழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அவை கன, திரவ, வாயு பதார்த்தங்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளரும் பிள்ளைக்கு இது சின்னச் சிக்கல் அல்ல. என் அண்ணன் பேத்தி ஒருமுறை கேட்டாள்: "தாத்தா, பஞ்சு கனமே இல்லையே, அதைப் போய் ஏன் கன பதார்த்தம்னு எழுதச் சொல்றாங்க?" தெலுங்குப் பாடத்தில் அந்தச் சொல்லுக்குக் கெட்டிப்பொருள் என்று அர்த்தம், நமக்கோ அது எடை. கேள்வி நியாயமானதுதானே!

இப்படி இன்னும் உண்டு. பழவேற்காட்டு ஏரியின் உப்புத் தண்ணீர் கலவை. அது காய்ந்து கிடைக்கும் உப்பு, சோடியமும் குளோரினும் இணைந்த சேர்மம். சோடியம் தனிமம். தெலுங்கில் இவை முறையே மிஸ்ரமம், சம்மேளனம், மூலகம். சம்மேளனம் என்றதும் நமக்குத் தொழிற்சங்க ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். கரைசலுக்கு அங்கே திராவணம். நம் பாட்டிமார் பேச்சில் திராவகம் என்றால் அமிலம், கையில் பட்டால் வெந்துவிடும்.

நம் சொற்களும் நேற்றுவரை நிலையாக இருந்தவை அல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் பிஷ் கிறீன், ஒரு ரசாயன நூலைத் தமிழாக்கி 1875-ல் வெளிவரச் செய்தார். நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. கெமிஸ்ட்ரியை அப்படியே தமிழ் நாக்குக்கு வளைத்துக்கொண்டார்கள்! சிரிப்பு வரலாம். ஆனால் ஐரோப்பாவிலும் இதே கதைதான். 'கேஸ்' என்ற சொல்லை வான் ஹெல்மாண்ட் 17-ஆம் நூற்றாண்டில் புதிதாக உண்டாக்கினார். லவாய்சியர் 1789-ல் தந்த 33 தனிமங்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றிருந்தன.

1916-ல் ராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் அவரே 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். அந்தத் தலைப்பே எனக்கு மிகவும் பிடிக்கும். தனித்தமிழ்ப் பக்கத்திலிருந்து சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பெரும் முயற்சி எடுத்து 1938-ல் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டது. இதற்காக ஓடியாடி உழைத்தவர் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை.

அப்புறம்தான் சண்டை. 1940-ல் மாகாண அரசு, வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் ஒரு கலைச்சொல் குழு அமைத்தது. மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் இருந்தன. வடமொழி வழியாகப் போனால் சொற்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் என்பது ஒரு தரப்பின் எண்ணம். தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகே குழுவில் தமிழறிஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். என் எண்ணத்தில் தமிழறிஞர்கள் பக்கம்தான் நியாயம். படிக்கிற பிள்ளைக்குத் தன் வீட்டுச் சொல்லிலிருந்து அர்த்தம் புரிய வேண்டுமல்லவா? திண்மை என்று சொன்னால் தமிழ்ப் பிள்ளைக்குக் கொஞ்சமாவது பிடிபடும். ஆனால் எல்லையோரத்துக்காரனாக ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பொதுச்சொல் வந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் இரண்டு தடவை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்திராது.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1-ல் பக்கத்துச் சத்தியவேடு, செங்கல்பட்டு மாவட்டத்தை விட்டு ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கோடு மாறியதும் பிள்ளைகளின் புத்தகமும் மாறத் தொடங்கியது. தமிழ்வழிப் பள்ளிகள் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் நீர்மம், வளிமம் என்ற நல்ல சொற்கள் வந்த பிறகும் திரவமும் வாயுவும் போகவில்லை. எனவே மூன்று நிலைகளில் இரண்டுக்கு எல்லையின் இருபுறமும் இன்றும் ஒரே பெயர். தனிமத்தை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் மூலகம் என்கின்றன. வரதய்யபாளையத்துத் தெலுங்கு வாத்தியார் சொல்வதும் அதே சொல்தான். யாழ்ப்பாணத்துப் பையனும் எங்கள் ஊர்ப் பெண்ணும் ஒரே சொல்லைப் படிக்க, நடுவில் சென்னைப் பையன் மட்டும் வேறு சொல்லைப் படிக்கிறான்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் சித்தூர், சத்தியவேடு, நகரிப் பக்கத்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். 1960-க்கு முன் தமிழில் படித்த ரசாயனப் புத்தகமோ நோட்டோ ஊர் வீட்டுப் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முதல் பாடத்தில் கனமா, திடமா, திண்மமா, எது அச்சாகியிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.