வண்டிப் பயணமும் சத்திரமும்: திருச்சி, ஸ்ரீரங்கத்தின் வழிநடை வரலாறு

தென்னாட்டின் பழைய பெருவழிகள் பல திருச்சிராப்பள்ளியில் கூடின. கிழக்கே தஞ்சாவூர், தெற்கே மதுரை, மேற்கே கரூர், வடக்கே கொள்ளிடத்துக்கு அப்பால் தொண்டை மண்டலம் எனப் பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் காவிரிக் கரையில் இறங்கினர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், 108 வைணவத் திருப்பதிகளில் முதலாவதாகிய ஸ்ரீரங்கம் இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு வந்த யாத்திரிகர்கள், இராமேசுவரம் சென்றவர்கள், வணிகர்கள், உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் புறப்பட்ட குடும்பங்கள் என இவ்வழியில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

வழி தெரிந்துகொள்ள அடையாளங்கள் வேண்டும். சமவெளியில் எழுந்து நிற்கும் மலைக்கோட்டைப் பாறையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். பல மைலுக்கு முன்பே அது கண்ணில் படும். தமிழகத்தின் பிற பெருவழிகளில் தொலைவைக் காத அளவில் குறிக்கும் காதக்கற்கள் இருந்தன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவல் தாவளம் என்னும் இடம் 29 காதத் தொலைவில் இருப்பதைச் சொல்கிறது. எழுத்துடன், எண்ணைக் காட்டும் குழிகளும் அதில் உண்டு. எழுத்தறியாதவரும் தொலைவை அறிய அவை உதவின. சாலையோரச் சுமைதாங்கிக் கல், கிணறு, சாலைமரம், தண்ணீர்ப் பந்தல் ஆகியவையும் வழிகாட்டிகளாகவே பயன்பட்டன.

வசதியுள்ள குடும்பங்கள் கூண்டு வண்டியில் சென்றன. மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு வெயிலையும் மழையையும் தாங்கியது. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்தார்கள். அரிசி, பருப்பு, புளி, பாத்திரம் எல்லாம் வண்டியிலேயே வரும். கோடையில் மாடுகள் களைத்துவிடும் என்பதால் இரவில் ஓட்டிப் பகலில் தோப்புகளில் அவிழ்த்துவிடுவது வழக்கம். மாட்டு வண்டி ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று மைல்தான் போகும். ஆகவே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சாவூருக்கே இரண்டு இரவுகள் தேவைப்பட்டன. இடையில் சமைக்கவும் குளிக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் தங்குமிடம் இன்றியமையாதது.

அத்தேவையை நிறைவேற்றியது சத்திரம். பயணியின் பெயரோ ஊரோ தெரியாமலே, என்றோ ஒருநாள் வரப்போகிறவருக்காக நிலத்தையும் ஊரையும் எழுதிவைத்த அறம் அது. மதுரை நாயக்கர் ஆட்சியில் இது பெருகியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளி அவர்களுடைய தலைநகரமாயிற்று. 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை பேரனுக்காக ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்ததற்கும் சத்திரங்கள் கட்டியதற்கும் இன்றும் போற்றப்படுகிறார். பக்கத்துத் தஞ்சையில் மராட்டிய மன்னர்கள் இராமேசுவர வழியில் சத்திரங்களை எழுப்பினர். இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார்.

திருச்சியில் சத்திரத்தின் தேவையை ஆறும் கூட்டியது. ஆடியில் புது வெள்ளம் வந்தால் பரிசலும் ஓடமும் நின்றுவிடும். தண்ணீர் வடியும்வரை கரையிலேயே காத்திருக்க வேண்டும். ஆற்றங்கரை மண்டபங்களும் படித்துறைகளும் குளிக்க மட்டுமின்றி, வெள்ளத்துக்கு ஒதுங்கி நிற்கவும் பயன்பட்டன. ஸ்ரீரங்கத்தில் உறவினர் உள்ளவர்கள் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் அவர்கள் வீட்டிலேயே தங்கினார்கள். உறவு இல்லாதவருக்கும் திண்ணை இருந்தது. ஆனால் எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறக்கவில்லை. சமையலும் பந்தியும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டனர். இந்த அறத்தின் பெருமையைப் பேசும்போது இக்குறையையும் சேர்த்தே பேச வேண்டும்.

கர்நாடகப் போர்கள் இவ்வழிகளைக் குலைத்தன. 1751–52இல் திருச்சிக் கோட்டை முற்றுகைக்குள்ளானது; ஸ்ரீரங்கம் பிரெஞ்சுப் படையின் பாசறையாயிற்று; 1752 ஜூனில் அப்படை அங்கேயே சரணடைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1817ஆம் ஆண்டின் 7ஆவது சென்னை ஒழுங்குவிதி கோயில், பாலம், சத்திரம் முதலியவற்றின் அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. மன்னரும் செல்வரும் நடத்திய அறம் இவ்வாறு அரசுக் கணக்கில் ஏறியது.

அடுத்த மாற்றம் இரயிலால் வந்தது. நாகப்பட்டினம்–தஞ்சாவூர்ப் பாதை 1861இலும், அதன் நீட்சியாகத் திருச்சிப் பாதை 1862இலும் திறக்கப்பட்டன. இரண்டு இரவுப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. இடைவழிச் சத்திரங்களுக்கு ஆள் வரத்துக் குறைந்தது. பல பாழடைந்தன, சில பள்ளிகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. மறுபுறம், இரயில் நிலையத்தின் அருகிலும் கோயில் வாசலிலும் புதிய சத்திரங்களும் தங்கும் விடுதிகளும் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காவிரிக்குப் பாலம் வந்தபின் ஓடத்துறையில் காத்திருக்கும் நிலை நீங்கியது. இப்போதுள்ள காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது.

பழைய ஏற்பாட்டின் கூறுகள் இன்றும் உள்ளன. திருச்சியின் நகரப் பேருந்துகள் கூடும் இடம் சத்திரம் பேருந்து நிலையம். ஸ்ரீரங்கத்துக்கு வருவோர் கோயில் நிர்வாகத்தின் யாத்ரி நிவாஸில் வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள். சமயபுரத்துக்கு நடந்து செல்லும் பக்தர்களுக்கு ஊர் மக்கள் சாலையோரம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் தருகிறார்கள். தங்குமிடம் பெரும்பாலும் கட்டணத்துக்கு மாறிவிட்டது. முகமறியாத வழிப்போக்கருக்குத் தண்ணீரும் உணவும் தரும் வழக்கம் மட்டும் மக்களிடம் தொடர்கிறது.