தூங்காத டாக்டர்களும் ஒரு தந்தையின் போராட்டமும்

தூக்கம் கெட்டால் வேலை கெடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இரவு சரியாகத் தூங்காத அலுவலக ஊழியர் மறுநாள் கணக்கைத் தப்பாகக் கூட்டுவார், கடிதத்தை வேறு ஆளுக்கு அனுப்பி விடுவார். அதையெல்லாம் பிறகு திருத்திக் கொள்ளலாம். ஆனால் தூங்காதவர் ஒரு டாக்டராக இருந்தால்...? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் சட்ட விதி எழுத வைத்தது ஓர் இளம்பெண்ணின் மரணம்.

மருத்துவமனையே வீடு

1889-ல் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகியோர் இளம் டாக்டர்களுக்கு ஒரு புதிய பயிற்சி முறையை உருவாக்கினார்கள். படிப்பை முடித்தவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, இரவு பகலாக நோயாளிகளைக் கவனித்துத் தொழில் கற்க வேண்டும். அங்கேயே குடியிருந்ததால்தான் அவர்களுக்கு 'ரெசிடென்ட்' என்று பெயர்.

இந்த முறை அமெரிக்கா முழுவதும் பரவியது. காலப்போக்கில் வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதும், ஒரே மூச்சில் 36 மணி நேரம் டியூட்டி பார்ப்பதும் சாதாரணமாகி விட்டன. இதற்கு இரண்டு காரணங்கள். நோய் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தால்தான் கற்க முடியும் என்று மூத்த டாக்டர்கள் உண்மையாகவே நம்பினார்கள். மருத்துவமனைகளுக்கோ குறைந்த சம்பளத்தில் நிறைய வேலை நடந்தது!

இதன் விலை என்ன என்பது தெரியாமல் இல்லை. 1971-ல் 14 பயிற்சி டாக்டர்களிடம் செய்த ஒரு சோதனையின் முடிவு வெளியானது. சராசரியாக 7 மணி நேரம் தூங்கிய பிறகு ஈ.சி.ஜி. தாளைப் படித்தபோது அவர்கள் செய்த தவறுகள் சராசரியாக 5.2. இரவு டியூட்டியில் 1.8 மணி நேரமே தூங்கிய பிறகு அது 9.6 ஆனது. ஏறக்குறைய இரு மடங்கு! ஆனாலும் டியூட்டி முறை பெரிதாக மாறவில்லை.

1984 மார்ச் 4

அன்று இரவு 18 வயதுக் கல்லூரி மாணவி லிபி சியோன், காய்ச்சலோடும் உடல் உதறலோடும் நியூயார்க்கின் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரைக் கவனித்தவர்கள் பயிற்சியில் இருந்த இரண்டு டாக்டர்கள். உதறலைக் கட்டுப்படுத்த பெத்திடின் ஊசி போடப்பட்டது. லிபியோ மனச்சோர்வுக்காக ஃபினெல்சின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தவர். இரண்டும் ஒன்று சேரவே கூடாத மருந்துகள்.

மூத்தவர் சற்று உறங்கப் போய் விட்டார். முதலாண்டுப் பயிற்சியில் இருந்தவரின் பொறுப்பில் அன்றிரவு சுமார் 40 நோயாளிகள். லிபி மேலும் மேலும் நிலைகொள்ளாமல் துடித்தபோது, டாக்டர் நேரில் வராமல் தொலைபேசியிலேயே உத்தரவு கொடுத்தார். லிபியைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். காலையில் காய்ச்சல் 107 டிகிரி ஃபாரன்ஹீட். சற்று நேரத்தில் இதயம் நின்று விட்டது.

தந்தை சிட்னி சியோன் ஒரு பத்திரிகையாளர், வழக்கறிஞரும் கூட. டாக்டர்களைக் கொலைக் குற்றத்துக்கே விசாரிக்க வேண்டும் என்று போராடினார். 1986-ல் விசாரணை ஜூரி யார் மீதும் குற்றம் சாட்ட மறுத்தது. ஆனால் இளம் டாக்டர்களைத் தூங்க விடாமல், மேற்பார்வையும் இல்லாமல் வேலை வாங்கும் முறையைக் கடுமையாகக் கண்டித்தது.

80 மணி நேர விதி

அடுத்து டாக்டர் பெர்ட்ராண்ட் பெல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1989-ல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டு வந்தது. வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. நேரத்தைக் குறைப்பதை விட, அனுபவமுள்ள டாக்டர் மேற்பார்வைக்கு இருப்பதே முக்கியம் என்று பெல் சொல்லி வந்தார். அந்த 80 மணி நேர வரம்பு 2003-ல் நாடு முழுவதற்கும் வந்தது.

2004-ல் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஓர் ஆய்வு, 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பழைய டியூட்டி முறையில் இருந்த பயிற்சி டாக்டர்கள், தொடர் வேலை 16 மணி நேரத்துக்குள் அடங்கிய முறையில் இருந்ததை விட 36 சதவீதம் அதிகமாக மோசமான தவறுகள் செய்ததைக் காட்டியது. 2011-ல் முதலாண்டு டாக்டர்களுக்கு 16 மணி நேர உச்சவரம்பு வந்தது.

கதை இத்தோடு முடியவில்லை. டியூட்டி நேரம் குறைந்தால் ஒரு நோயாளி அதிகக் கைகள் மாறுவார். ஒருவர் அடுத்தவரிடம் சொல்ல மறந்த விஷயமும் உயிரை வாங்கலாம். 2016-லும் 2019-லும் வந்த பெரிய ஆய்வுகளில், நேரத்தைத் தளர்த்திய மருத்துவமனைகளில் மரணங்கள் கூடியதாகத் தெரியவில்லை. இதற்கிடையே 2017-ல் 16 மணி நேர வரம்பு நீக்கப்பட்டு, மீண்டும் 24 மணி நேரம் வந்தது. பொறுப்பை மாற்றித் தரும் முறையை ஒழுங்குபடுத்தினால் தவறுகள் 23 சதவீதம் குறையும் என்று 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. ஆக, தூக்கம் கொடுத்தால் மட்டும் போதாது, வேலையைக் கைமாற்றும் விதத்தையும் சேர்த்தே சரி செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்கு என்ன?

1997-ல் வந்த ஓர் ஆய்வின்படி, 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது கலந்தவரின் கவனத்தைப் போல் ஆகி விடுகிறது. 2003-ல் வந்த இன்னொரு ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஒரு முழு இரவு தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியது. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாகி விட்டது அவர்களுக்கே தெரியவில்லை!

ஆபத்து இங்கேதான். "எனக்குப் பழகி விட்டது, சமாளித்துக் கொள்வேன்" என்று ஊழியர் சொல்வது பொய் அல்ல, அப்படித்தான் அவருக்குத் தோன்றும். அதனால்தான் டியூட்டி நேரத்தை அவரவர் மன உறுதிக்கு விடாமல் விதியாக எழுத வேண்டியிருந்தது. அதற்கு 1971-ன் ஈ.சி.ஜி. சோதனை போதவில்லை. ஒரு மகள் சாக வேண்டியிருந்தது, அவள் தந்தை ஐந்து வருடம் கத்த வேண்டியிருந்தது.