எழுதுகோல் யார் கையில்?
காவல்துறையிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம்: 1855 முதல் 2024 வரை

முன்னுரை

கொலை வழக்கில் கைதானவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று மறுநாள் நாளிதழில் செய்தி வருகிறது, ஊரும் நம்பிவிடுகிறது. நீதிமன்றம் நம்புவதில்லை. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல், சொன்னவருக்கு எதிரான சாட்சியமாகாது என்பது 1861 முதல் இந்தியாவின் பொது விதி. தன்னிச்சையாகச் சொன்னதென்றால் காவலரிடம் சொன்ன ஒப்புதலையும் இங்கிலாந்து ஏற்றது. இந்தியாவிலோ முழுத் தடை. நம் காவலரை நம்பாத காலனிய மனப்பான்மையின் மிச்சம் இது என்று சாடுவோர் இன்றும் உண்டு. சென்னை மாகாணத்து எளிய மக்கள் தம் காயங்களைக் காட்டிப் பெற்ற பாதுகாப்பு இது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தப் பாதுகாப்பு தளர்ந்தபோது நேர்ந்ததையும் இங்கே ஆராய்வோம்.

1. சென்னைச் சித்திரவதை ஆணையம்

சென்னைவாசிகள் சங்கத்தை 1852-இல் தொடங்கிய காஜுலு லட்சுமிநரசு செட்டி, மறு ஆண்டு இங்கு வந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரை மாகாணத்தின் ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். வரி வசூலுக்காகக் குடியானவர்கள் படும் பாட்டை நேரில் கண்ட சீமோர், 1854 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அதை எழுப்பினார். அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைந்தது. 1855 ஏப்ரலில் அதன் அறிக்கை வந்தது.

ஆணையத்துக்கு வந்த புகார்கள் 1,959. நெடுந்தொலைவு நடந்து வந்து நேரில் முறையிட்டவர்கள் பலர். மற்றவர்கள் மனு அனுப்பினார்கள். விரல்களை மரச்சட்டங்களுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டி, குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், கண்ணில் மிளகாய்ப்பொடி என்று அவர்கள் பட்ட கொடுமைகள் அறிக்கையில் வரிசையாக வருகின்றன. வரி வசூலுக்கும் களவு விசாரணைக்கும் ஒரே கருவிகள்தாம் பயன்பட்டன. இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஆட்கள் என்பதே காரணம்: தாசில்தாரிடம் வருவாய், காவல் ஆகிய இரு அதிகாரங்களும் குவிந்திருந்தன.

அறிக்கைக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. பழி முழுவதையும் உள்நாட்டுச் சிப்பந்திகள்மேல் சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை அது விடுவித்தது. இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி 1857-இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் எழுதிய கார்ல் மார்க்ஸ், கம்பெனி ஆட்சியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். எனினும் அறிக்கையின் நேரடிப் பயன் பெரிது. வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்து 1859-இல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. காவலர் பெறும் ஒப்புதலை ஐயத்தோடு பார்க்கும் போக்கும் சட்ட வரைவாளர்களிடையே வலுத்தது.

2. மூன்று விதிகள்

1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மூன்று விதிகளை வகுத்தது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. காவலில் இருக்கும்போது வேறு எவரிடம் சொன்னாலும், நடுவரின் முன்னிலையில் சொல்லாவிட்டால் செல்லாது. அப்படிச் சொன்னதன் விளைவாக ஏதேனும் பொருளோ உண்மையோ வெளிப்பட்டால், அதற்குரிய பகுதி மட்டும் செல்லும். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இவை 25, 26, 27-ஆம் பிரிவுகளாயின. வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட நிழலில் உட்கார்ந்து ஒருவன் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது சுலபம் என்ற பொருளில், இந்திய அனுபவமுள்ள அதிகாரி ஒருவர் தம்மிடம் சொன்னதை ஸ்டீபன் பின்னாளில் பதிவு செய்தார். ஒப்புதலை ஏற்றால் புலனாய்வு சோம்பிப்போகும் என்பதே அதன் உட்கருத்து.

3. வைக்கோற்போரில் ஈட்டி

முன்கதவை அடைத்த சட்டம் 27-ஆம் பிரிவின் வழியே பக்கக்கதவு ஒன்றைத் திறந்து வைத்தது. அதன் அகலத்தை அளந்தது குண்டூர்ப் பகுதியிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்குரி கோட்டையா வழக்கு. குற்றம்சாட்டப்பட்ட ஒருவர், தாங்கள் பதுங்கியிருந்து இருவரை அடித்துக் கொன்றதையும் ஈட்டியை ஒரு வைக்கோற்போரில் மறைத்ததையும் சேர்த்தே சொல்லியிருந்தார். மறைத்து வைத்ததையும் எடுத்துக் காட்டுவதையும் பற்றிய சொற்கள் மட்டுமே செல்லும், அடித்ததையும் கொன்றதையும் பற்றிய சொற்கள் செல்லா என்று பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. 1947-இல் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான இந்த முடிவை இந்திய நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன.

தமிழ்நாட்டுக் குற்றப்பத்திரிகைகளில் ‘வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி’ என்று அடிக்கோடிட்டு வருவது இந்த வழக்கின் வழித்தோன்றல்தான். இங்கே இன்னொரு வழக்கமும் வேரூன்றியது. கொலை செய்தவர் தாமாகவே கிராம நிர்வாக அலுவலரைத் தேடிச் சென்று ஒப்புக்கொண்டார், அவர் அதை எழுதி வாங்கி ஆளையும் தாளையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார் என்று எத்தனையோ வழக்குகள் கட்டப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் காவல் அதிகாரி அல்லர் என்பதால் 25-ஆம் பிரிவு குறுக்கே நிற்கவில்லை. முன்பின் அறியாத ஒருவரிடம் போய் ஏன் மனந்திறக்க வேண்டும் என்ற கேள்வியை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன.

4. நடுவரின் அறை

முறையான வழி நடுவரிடம் போவது. காவலர்கள் வெளியே அனுப்பப்படுவார்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படலாம் என்று நடுவர் எச்சரிப்பார். எத்தனை நாளாகக் காவலில் இருக்கிறீர்கள், யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா என்று விசாரிப்பார். யோசிக்கக் குறைந்தது 24 மணி நேரம் தருவது நல்லது என்று 1957-இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இத்தனைக்குப் பிறகும் வழக்கு விசாரணையில் ஒருவர் தம் வாக்குமூலத்தை மறுக்கலாம். அப்படி மறுக்கப்பட்ட ஒப்புதலை மட்டும் வைத்துத் தண்டிப்பது ஆபத்து. அதன் பொதுப்போக்கையாவது வேறு சாட்சியம் உறுதிசெய்ய வேண்டும் என்பதை சுப்பிரமணிய கவுண்டன் எதிர் சென்னை மாநிலம் வழக்கு நிலைநாட்டியது. நடுவர் எழுதியதற்கே இவ்வளவு எச்சரிக்கை.

5. தடா: தடை நீங்கிய காலம்

தடா எனப்படும் 1987-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்த மரபை முறித்தது. கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி ஒப்புதலைப் பதியலாம், அது சாட்சியமாகும். எழுத்திலும் பதியலாம், ஒலிநாடாவிலும் பதியலாம் என்று தேர்வை அதிகாரியிடமே சட்டம் விட்டது. 1994-இல் கர்தார் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் இப்பிரிவு செல்லும் என்றனர். நீதிபதிகள் கே. ராமசாமியும் ஆர்.எம். சகாயும் மாறுபட்டனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன். பிரிவை ஏற்ற அவரும் மிரட்டலற்ற சூழல், வாக்குமூலம் தருபவரின் மொழியிலேயே பதிவு, தாமதமின்றி நடுவர் முன் நிறுத்துதல் ஆகிய நெறிகளைச் சேர்த்தார்.

6. விடுபட்ட ஒரு வாக்கியம்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 17 பேரின் வாக்குமூலங்கள் இப்பிரிவின் கீழ் பதிவாயின. அவர்களில் ஒருவர் பேரறிவாளன். 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வாங்கி, கொலைச் சதியை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்தார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்டவற்றுள் முதன்மையானது. அவரது வாக்குமூலத்தைப் பதிந்தவர் மத்தியப் புலனாய்வுத் துறைக் கண்காணிப்பாளர் வி. தியாகராஜன். 1998-இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. பேரறிவாளன் உள்ளிட்ட நால்வரின் தூக்கை உறுதிசெய்தது. இந்தக் கொலை தடா குற்றமே ஆகாது என்று அத்தீர்ப்பு சொன்னது. ஆயினும் தடாவின் கீழ் பெற்ற வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்துக்குச் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

2013 நவம்பரில் தியாகராஜன் வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி வாங்கித் தந்ததைச் சொன்ன பேரறிவாளன், அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதைச் சேர்த்தால் ஒப்புதல் என்பதே அடிபட்டுப்போகும் என்பதால் எழுதாமல் விட்டேன் என்பதே அவர் கூற்றின் சாரம். 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் அதைத் தந்தார். 1999 தீர்ப்பைத் திரும்பப் பெற 2018-இல் நீதிமன்றம் மறுத்தது. ஏற்கெனவே 2014-இல் ஆயுளாகக் குறைந்திருந்த தண்டனையிலிருந்து, 2022 மே 18-இல், அரசமைப்பின் 142-ஆம் கூறின்படி பேரறிவாளன் விடுதலையானார்.

இந்த நிகழ்வைத் தனிமனிதர் ஒருவரின் பிழையாக மட்டும் படிப்பது போதாது. விதிகளின்படி எச்சரித்து, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கி, சான்றும் எழுதிய வாக்குமூலம் அது. கிட்டியோ மிளகாய்ப்பொடியோ இல்லாமலும் ஒருவரின் பேச்சு அவருக்கே எதிராகத் திரும்பலாம். ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டாலே போதும். கேள்வி கேட்பவர், பதிலைத் தேர்ந்தெடுப்பவர், எழுதுபவர், எழுதியது சரி என்று சான்று தருபவர் என எல்லாம் ஒருவரே ஆகும்போது, குற்றம்சாட்டப்பட்டவரின் மறுப்பு எங்குமே பதிவாவதில்லை. சட்டம் அனுமதித்த ஒலிநாடா அன்று ஓடியிருந்தால், அந்த வாக்கியம் 22 ஆண்டுகள் மறைந்திருக்க முடியாது.

7. தடாவுக்குப் பின்

தடா 1995-இல் காலாவதியானது. பொடா எனப்படும் 2002-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அதே அதிகாரத்தை மீண்டும் தந்தது. வாக்குமூலம் தந்தவரை 48 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற காப்பைச் சேர்த்தது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அச்சட்டத்தின் காப்புகள் மீறப்பட்டதால், 2005-இல் உச்ச நீதிமன்றம் வாக்குமூலங்களை ஒதுக்கிவைத்துப் பிற சாட்சியங்களை மட்டுமே எடைபோட்டது. பொடா 2004-இலேயே நீக்கப்பட்டிருந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டத்திலும், அதன் வழிவந்த குஜராத் சட்டத்திலும் இவ்வதிகாரம் இன்றும் உயிரோடிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், பழைய மூன்று பிரிவுகளையும் 23-ஆம் பிரிவில் ஒன்றாக்கி அப்படியே காத்துள்ளது. காலனியச் சட்டங்களை மாற்றப் புறப்பட்டவர்களும் இந்தத் தடையைக் கைவிடவில்லை.

முடிவுரை

வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. காவலர் பெறும் ஒப்புதலை நம்ப மறுத்த விதி, இந்த மண்ணின் மக்களது முறையீட்டால் வலுப்பெற்றது. அதைத் தளர்த்தக் கேட்போர் முதலில் 1,959 புகார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அடியை மட்டும் தடுத்தால் போதாது, எழுத்தையும் கண்காணிக்க வேண்டும் என்பது இரண்டாவது. இங்கிலாந்து 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து விசாரணைகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது. நம் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதியும் கேமராக்களைப் பொருத்த ஆணையிட்டது. புதிய நடைமுறைச் சட்டம் சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியில் பதியச் சொல்கிறது. இதே கட்டாயம் விசாரணை அறைக்கும் நீள வேண்டும்: முதல் கேள்வி முதல் கடைசிப் பதில் வரை முழுப் பதிவு, அதன் நகல் குற்றம்சாட்டப்பட்டவருக்கு. பதிவில்லாத வாக்குமூலத்தின் ‘ஏற்கத்தக்க பகுதி’யும் ஏற்கப்படக் கூடாது. காவல் அதிகாரியின் கையில் ஒப்புதலைத் தரும் மாநிலச் சட்டங்களும் திருத்தப்பட வேண்டும். தம் வாயால் சொன்னது முழுவதும் நீதிபதியின் காதில் விழும் என்ற உறுதி, குற்றம்சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் நாம் தர வேண்டிய குறைந்தபட்ச நீதி.